முகம் பார்க்கும் கண்ணாடியும் ஒரு மன்னிப்பும்



மகள் வீட்டுக்கு லீட்ஸ் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஞாயிறன்று பக்கத்திலுள்ள ஹேர்வுட் மாளிகைக்கு அழைத்துப் போனாள். 1759-ல் கட்டத் தொடங்கிய வீடு. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலும் அடிமை வியாபாரத்திலும் சேர்ந்த பணம். அங்கே நீண்ட கூடத்தில் ஆளுயரத்துக்கு மேல் தங்கச் சட்டமிட்ட கண்ணாடிகள். தாமஸ் சிப்பென்டேல் செய்தவை. இவர் பக்கத்து ஓட்லி ஊரில் 1718-ல் பிறந்தவர். 1754-ல் வெளியிட்ட மரச்சாமான் வடிவப் புத்தகத்தால் பெரும்புகழ் பெற்றவர்.

ஆனால் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் எத்தனை கைகள்! ஒருவர் மரத்தில் இலையும் கொடியும் செதுக்குவார். இன்னொருவர் சாக்கட்டித் தூளைப் பசையில் குழைத்துப் பல பூச்சு பூசுவார். அதன்மேல் செம்மண் பூச்சு. பிறகு மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடும் தங்க ரேக்கை ஒட்டி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

கண்ணாடிக்கு ரசம் பூசுவது தனி வேலை. வெள்ளீயத் தகட்டை மேசையில் விரித்து, பாதரசம் ஊற்றி, அதன்மேல் கண்ணாடியை நகர்த்தி வைத்து, பாரம் ஏற்றி, மிச்சம் வடிய நாட்கணக்கில் விடுவார்கள். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், பல் உதிரும். அவர்கள் பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை.

1835-ல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் வெள்ளியைப் படிய வைக்கும் வழியைக் கண்டார். பிறகுதான் பாதரசம் மெல்ல விலகியது. சோதனைக் குழாயில் வெள்ளி ஆடி செய்து காட்டினேனே, நினைவிருக்கிறதா? அதே வேதிவினைதான்.

அந்தக் கண்ணாடி முன் நின்றபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஆய்வகத்தில் தெர்மாமீட்டர் உடைந்தால், "கையில் உருட்டிப் பாருங்கப்பா" என்று பாதரச முத்துகளை உங்கள் உள்ளங்கையில் விட்டவன் நான். அதன் ஆபத்து எனக்குப் பாதிதான் தெரியும். தெரிந்த பாதியையும் சொல்லவில்லை. உங்கள் முகத்தில் தெரிந்த வியப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது. தவறுதான். மன்னியுங்கள்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாதரசம் சிந்தினால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். காரணத்தையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.