ஓடினால்தான் குளிரும்

பெண்கள் தம் பங்கை விட்டுக்கொடுத்துப் போடும் கையெழுத்துக்கு எங்கள் பக்கத்தில் 'விடுதலைப் பத்திரம்' என்று பெயர். எதிலிருந்து யாருக்கு விடுதலை என்று யாரும் கேட்பதில்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956லேயே சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாடு 1989இல் திருத்தியது. அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களை மட்டும் அந்தத் திருத்தம் விட்டுவிட்டது. 2005இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. இவ்வளவும் வந்த பிறகும், "அண்ணன் உறவு வேண்டாமா?" என்ற ஒரே கேள்வியில் மகளின் பங்கு கரைந்துபோவதை ஒவ்வொரு தெருவிலும் பார்க்கலாம்.

என் அப்பா 2019இல் இறந்தார். விழுப்புரத்தில் ஒரு ஓட்டு வீடு, வளவனூர் பக்கம் ஒன்றரை ஏக்கர், 1978இல் வாங்கிய ஒரு புல்லட். அவர் விட்டுச்சென்றவை இவைதான். "நீ வண்டிய வச்சுக்கம்மா. அப்பா ஞாபகமா இருக்கும். வீட்டுப் பத்திரத்துல ஒரு கையெழுத்து போட்டுடு" என்றார் அண்ணன். அதில் வன்மம் எதுவும் இல்லை. அவர் கேட்டு வளர்ந்த பேச்சு அது. அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தனக்கும் மூன்றில் ஒரு பங்கு உண்டு என்பது அம்மாவுக்கே தெரியாது. வண்டி எனக்கு வேண்டும், பத்திரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றேன். அதன்பின் ஓராண்டு அண்ணன் என்னோடு சரியாகப் பேசவில்லை.

வண்டியின் ஆர்சி புத்தகத்தில் பெயர் மாற்றுவதற்குப் படிவம் 31 என்று ஒன்று இருக்கிறது. உரிமையாளர் இறந்துபோனால் வாரிசு கொடுக்க வேண்டியது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றோடும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் கேட்டார்கள். 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று அண்ணன் எழுதிக் கையெழுத்திட்டார். எங்கள் குடும்பத்தில் ஓர் ஆண் தன் பங்கை ஒரு பெண்ணுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்ட முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

புல்லட் பெயரிலேயே ஆண்மையை ஏற்றி வைத்த வண்டி. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932இல் இந்தப் பெயரை வைத்தது. துப்பாக்கியைப் போலச் செய்தது என்பது அவர்களுடைய விளம்பரம். சின்னம் பீரங்கி, பெயர் தோட்டா. இந்திய ராணுவத்துக்கு 350 சிசி வண்டிகள் தேவைப்பட்டபோது, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அவர்களோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. இங்கிலாந்தில் கம்பெனி 1970இல் மூடிய பின்னும் திருவொற்றியூரில் அதே பழைய வடிவத்தில் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. ராணுவம், போலீஸ், அதற்குப் பிறகு ஊர்ப் பெரிய மனிதர்கள் என்று இந்த வண்டி கைமாறி வந்த வழி முழுக்க அதிகாரத்தின் வழி. என் அப்பா கூட்டுறவு வங்கி மேற்பார்வையாளர். செஞ்சிக்கும் கண்டமங்கலத்துக்கும் இந்த வண்டியில்தான் போய்வந்தார். அவர் வாங்கியபோது விழுப்புரம் தனி மாவட்டம்கூட இல்லை. 1993வரை நாங்கள் தென்னாற்காட்டுக்காரர்கள்.

வண்டியைத் தொடாமல் அப்படியே வைத்திருங்கள் என்று பழைய வண்டி சேகரிக்கும் ஒருவர் சொன்னார். 2021இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஐம்பது வயதைக் கடந்த, முதலில் இருந்த வடிவம் மாறாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். அப்படிப் பதிவானால் கண்காட்சிக்கும் பழைய வண்டிகளின் அணிவகுப்புக்கும் எடுத்துப் போகலாம், தினசரி வேலைக்கு ஓட்டக் கூடாது. எனக்குச் சிரிப்பு வந்தது. பழமை மாறாமல் இரு, விசேஷத்துக்கு மட்டும் வெளியே வா என்பதைப் பெண்கள் கேட்காத நாளில்லை. எனக்கு இந்த வண்டி விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்தில் இருக்கும் என் கல்லூரிக்கு ஓட வேண்டும். வழியில் மழை பெய்யும், திரும்பும்போது இருட்டும். ஆகவே பழுதும் பார்ப்பது, கொஞ்சம் புதுப்பிப்பதும் என்று முடிவு செய்தேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பாய் நாற்பது ஆண்டுகளாகப் புல்லட் மட்டுமே பார்க்கிறார். அவரிடம், "வண்டியை நீங்க செய்ய வேணாம் பாய், நான் செய்யறேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப மொதல்ல இஞ்ச் ஸ்பேனர் செட் வாங்குங்க டீச்சர்" என்றார். பழைய புல்லட்டின் நட்டுகள் அங்குலக் கணக்கில் செய்தவை. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கிப் பிறகு எதற்கும் பிடி கொடுக்காது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமைகளில், பத்து மாதம் ஆனது. கழற்றிய ஒவ்வொன்றையும் ஊறுகாய் பாட்டில்களில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டினேன். சிலிண்டர் உள்ளே தேய்ந்திருந்தது. லேத்துக்குக் கொண்டுபோய் போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும் என்றார் பாய். இந்த எஞ்சினின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். அதை அரை மில்லிமீட்டர் அகலப்படுத்துவதற்குத்தான் இவ்வளவு பாடு.

பிஸ்டன் வாங்கச் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். ஆராய்ச்சி மாணவன் ஒருவன் கூட வந்திருந்தான். அவனுக்கு வண்டியே ஓட்டத் தெரியாது. கேள்வி கேட்டது நான், பதில் அவனுக்கு. பணம் கொடுத்தது நான், சில்லறை அவன் கையில். மூன்று கடையிலும் இதேதான்.

திரும்பி வந்த வாரம் வகுப்பில் ஐம்பால் பாடம். தமிழில் வினைமுற்று பாலைக் காட்டிக் கொடுத்துவிடும். 'மெக்கானிக்' என்பதை எழுவாயாக வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். வந்தான், கழற்றினான், சரிசெய்தார். வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். ஒருத்திகூட 'வந்தாள்' என்று எழுதவில்லை. அப்போது அவர்களுக்கு அ. லலிதாவைப் பற்றிச் சொன்னேன். பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து 1943இல் மின்பொறியியல் முடித்தார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். அவருடைய சான்றிதழில் 'அவன்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு 'அவள்' என்று மாற்ற வேண்டியிருந்தது. படிவத்தை அச்சடித்தவர்கள் ஒரு பெண் வருவாள் என்று நினைத்தே பார்க்கவில்லை. நம் வாக்கியங்களும் அப்படி முன்கூட்டியே அச்சாகிவிட்ட படிவங்கள்தாம்.

வண்டி பூட்டி முடிந்ததும் உறவினர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: உன்னால கிக்கர் உதைக்க முடியுமா? என் எடை 52 கிலோ. புல்லட்டைக் கிளப்பப் பலம் வேண்டும் என்பது ஆண்கள் தங்களுக்குள் கட்டிக் காத்த கதை. வேண்டியது விவரம். சாவியைத் திருப்பிவிட்டு, ஆம்பியர் மீட்டரின் ஊசியைப் பார்த்தபடியே கிக்கரை மெதுவாக அமுக்க வேண்டும். பாயின்ட் மூடியிருக்கும்வரை ஊசி இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பாயின்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்தால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும், கிக்கர் இளகும். இன்னும் கொஞ்சம் அமுக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. அவ்வளவுதான். இது தெரியாமல் வெறும் பலத்தால் உதைப்பவர்களின் கணுக்காலைத்தான் கிக்கர் திருப்பி அடிக்கும். அப்படி அடிபட்டுக் கட்டுப் போட்ட ஆண்கள் பலரைப் பாய்க்குத் தெரியும். இந்த விவரத்தை அப்பா அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தபோது எனக்கு வயது பத்து. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். 'உள்ள போய் அம்மாவுக்கு ஒத்தாச பண்ணு' என்றார்.

இங்கிலாந்தில் பீட்ரிஸ் ஷில்லிங் என்று ஒரு பொறியாளர் இருந்தார். 1930களில் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் தலைகுப்புறப் பாயும்போது கார்பரேட்டரில் பெட்ரோல் நிரம்பி எஞ்சின் அணைந்துபோனது. 1941இல் அதற்குத் துளையிட்ட ஒரு சின்ன உலோகத் துண்டைத் தீர்வாகக் கண்டுபிடித்தவர் அவர்தான். கார்பரேட்டர் ஜெட்டைக் கழற்றி ஊதும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும்.

புதுப்பித்தது அதிகமில்லை. 6 வோல்ட் மின்சாரத்தில் முகப்பு விளக்கு அகல்விளக்குபோல எரிந்தது. ஸ்டேட்டர் காயில், ரெகுலேட்டர், பேட்டரி, ஹாரன், பல்பு எல்லாவற்றையும் 12 வோல்ட்டுக்கு மாற்றினேன். ஓராண்டு பாயின்ட் வைத்தே ஓட்டிவிட்டு, அதையும் எடுத்து எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டேன். "பழசுக்கு அதான் அழகு டீச்சர்" என்று பாய் வருத்தப்பட்டார். விக்கிரவாண்டிக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவில் இரவு எட்டு மணிக்குப் பாயின்ட் ஒட்டிக்கொண்டு வண்டி நின்றால், அந்த அழகு எனக்கு ஆகாது என்றேன். அவருக்குப் புரிந்தது. இனி ஊசியைப் பார்த்துக் கிளப்ப முடியாது. அதற்குள் காலுக்கே அந்த இடம் தெரிந்துவிட்டது.

சாரி கார்டை மட்டும் கழற்றவில்லை. பழைய புல்லட் செய்கிறவர்கள் முதலில் பிடுங்கி எறிவது அதைத்தான், அசிங்கமாக இருக்கிறதாம். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால்மிதி, துணி சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது. நம் ஊரில் அந்தத் தடுப்புக்குச் சாரி கார்டு என்று பெயர் வந்ததே பின்சீட்டில் யார் உட்காருவார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. அம்மா நாற்பது ஆண்டுகள் அந்தச் சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து போனவர்.

வண்டியைக் கிளப்பிய மூன்றாம் நாள், அம்மா சமையலறையிலிருந்து வந்தார். "உங்கப்பா வண்டி இப்படிச் சத்தம் போடாதே பாப்பா. மேல என்னமோ டக்டக்குனு தட்டுது" என்றார். டாப்பெட்டைத் திறந்து பார்த்தேன். புஷ்ராடை விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஒன்று ஆடியது. இறுக்கினேன், சத்தம் நின்றது. பாய்கூடக் கவனிக்காததை அம்மா சமையலறையிலிருந்தே கேட்டுவிட்டார். அதன்பின் பேசப் பேசத் தெரிந்தது. எந்த மேட்டில் எந்த கியருக்கு மாற்றுவார் அப்பா, பெட்ரோல் தீர்வதற்கு முன் எப்படி இருமும், எந்த மாதத்தில் செயின் தொங்கும், எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். நாற்பது ஆண்டுகள் யாரும் கேட்காததால் சொல்லவில்லை. சொத்து என்று நாம் எழுதும் பட்டியலில் இதெல்லாம் வருவதில்லை. அம்மா சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த எஞ்சினில் ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக வார்த்திருக்கும் இரும்புத் தகடுகள் சூட்டை வாங்கி எதிர்க்காற்றில் விடும். வண்டி ஓடினால்தான் காற்று வரும், காற்று பட்டால்தான் எஞ்சின் குளிரும். ஒரே இடத்தில் நிறுத்தி ஓடவிட்டால் சூடேறிக்கொண்டே போகும். இதுவும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

போன சித்திரையில் இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம், வீட்டின் வில்லங்கச் சான்றிதழ் வாங்க. அண்ணன் அனுப்பிய விடுதலைப் பத்திரத்தின் நகலை அதற்கு முந்திய இரவு அம்மாவுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டியிருந்தேன். "எம் பேரும் போட்டிருக்குதே" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "நானும் இப்பப் போட மாட்டன். அவன் வந்து நேர்ல பேசட்டும்" என்றார். வாசலில் வண்டியைக் கிளப்பிவிட்டுப் பையைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா ஏறி உட்கார்ந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சும்மா நிக்கவச்சு ஓடவிடாத, சூடாவுது. கெளம்பு" என்றார்.

அண்ணன் இன்னும் வரவில்லை. வண்டி தினமும் திண்டிவனம் போய்வருகிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் மூன்று மாணவிகள் கொட்டகைக்கு வருகிறார்கள். இஞ்ச் ஸ்பேனருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனருக்கும் வித்தியாசம் முதல் பாடம். இரண்டாவது பாடம் படிவம் 31.