பெற்றோல் முள்ளும் மலைப்பாதையும்

மோட்டார் வண்டியிலே நெடுந்தூரம் செல்பவர்கள் வழியைப் பார்ப்பதிலும் பார்க்க வண்டியின் முகப்பிலுள்ள வட்டத்தையே அதிகமாகப் பார்க்கின்றனர். வேகத்தைக் காட்டும் முள்ளிலே பெருமையும், பெற்றோலைக் காட்டும் முள்ளிலே கவலையும் குடியிருக்கின்றன. பெரிய தாங்கியுள்ள பெரிய கார்க்காரருக்கு இக்கவலை குறைவு. சிறிய காரிலே குடும்பத்தையும் மூட்டை முடிச்சுக்களையும் ஏற்றிக்கொண்டு புறப்படுபவருக்கே அந்த முள்ளின் அருமையும் அதன் பொய்யும் ஒருங்கே விளங்கும்.

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இன்றும் ஓடித்திரியும் பழைய சிறு கார்களுள் மொறிஸ் மைனருக்கு ஒரு தனியிடம் உண்டு. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பிறந்து, 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. ஆயினும் எங்கள் ஊர்களில் கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் அதுவே நெடுங்காலம் ஓடிற்று. அதன் முகப்பின் நடுவே ஒரேயொரு பெரிய வட்டம் இருக்கும். அவ்வட்டத்துக்குள்ளே கீழ்ப்புறமாகப் பெற்றோல் முள். தாங்கியோ காரின் பின்புறத்தே, பொதிகள் வைக்கும் அறையின் அடியில் இருக்கின்றது. 1950களின் பிற்பகுதிக்குப் பின் வந்த வண்டிகளில் அது 6.5 கலன், அதாவது ஏறக்குறைய 29.5 லீற்றர் கொள்ளும்.

1960ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அத்தகைய காரொன்றிலே கடந்த ஆவணி விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியா வரை சென்று வந்தோம். நானும் மனைவியும் பிள்ளைகள் இருவரும் பிரயாணிகள். காரின் சொந்தக்காரரே சாரதி. நாற்பது வருடங்களாக வாடகைக் கார் ஓட்டி வரும் அப்பெரியவரை ஊரார் அனைவரும் ‘அண்ணை’ என்றே அழைப்பர், நாங்களும் அவ்வாறே. சட்டைப் பையிலே ஒரு சிறு கொப்பியும் பென்சிலும் எப்பொழுதும் வைத்திருப்பார். பெற்றோல் போடும் ஒவ்வொரு முறையும் மைல் கணக்கையும் லீற்றர் கணக்கையும் அதில் எழுதுவது அவர் வழக்கம். மைல் காட்டும் காருக்கு லீற்றரில் எண்ணெய் வார்க்கும் நாட்டிலே இக்கணக்கும் ஒரு வித்தைதான்; 4.546 லீற்றர் ஒரு கலன் என்பதை அவர் வாய்பாடுபோலச் சொல்லுவார்.

தாங்கியை நிரப்பிக்கொண்டு விடியற்காலையிலே புறப்பட்டோம். ஆனையிறவின் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. இருபுறமும் நீர் வற்றிய களப்பு வெள்ளையாக மின்னியது. பரந்தன் கடந்து கிளிநொச்சி வந்தபொழுது ஏறக்குறைய 70 கிலோமீற்றர் ஓடியாயிற்று. முள்ளோ நிறைவைக் காட்டும் கோட்டை விட்டு அசையவேயில்லை. “அப்பா, கார் பெற்றோல் குடிக்கேல்லை” என்று மகன் மகிழ்ந்தான். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறினோம். மாங்குளம் தாண்டியதும் முள் விழத் தொடங்கியது. வவுனியாவில் அது பாதியைச் சற்றே கடந்து நின்றது. மிகிந்தலையிலே காலுக்கும் கீழே. தம்புள்ளைக்கு வந்தபோது வெறுமைக் கோட்டின் மேலேயே படிந்துவிட்டது. அங்கே தாங்கியை நிரப்பினோம். வெறும் தாங்கியாயின் 29.5 லீற்றர் ஏறியிருக்கவேண்டும். ஏறியதோ 21 லீற்றர். அஃதாவது, முள் ‘ஒன்றுமில்லை’ என்று கூறியபொழுது தாங்கியிலே எட்டரை லீற்றர் இருந்தது.

இப்புதுமையின் காரணம் எளிது. தாங்கிக்குள்ளே ஒரு மிதவை நீண்ட கம்பியின் நுனியில் மிதக்கின்றது. பெற்றோல் குறையக் குறைய அது தாழும்; தாழும்போது கம்பியின் மறுமுனை ஒரு மின்தடைச் சுருளின்மேல் உராய்ந்து நகரும்; அதனால் மாறும் மின்னோட்டம் முகப்பிலுள்ள முள்ளை அசைக்கும். மிதவை தாங்கியின் கூரையை முட்டிய பின்னரும் பெற்றோல் ஏறுகின்றது. ஆகவே முதலில் ஓடும் தூரத்துக்கு முள் அசைவதில்லை. கீழேயும் அவ்வாறே: கம்பி தாழக்கூடிய எல்லைக்குத் தாழ்ந்த பின்னும் சிறிது பெற்றோல் எஞ்சி நிற்கும். தாங்கியும் நேரான பெட்டி வடிவமன்று. அதனால் மேற்பாதியில் ஒரு விரற்கடை குறைவதும் கீழ்ப்பாதியில் ஒரு விரற்கடை குறைவதும் ஒரே அளவு பெற்றோலாகா.

இவை எல்லாக் கார்களுக்கும் பொதுவான குறைகள். கடலோரத்து மொறிஸ் மைனருக்குத் தனியே ஒரு குறையுண்டு. பழைய வகை மானிகளிலே தாங்கிக்கும் முள்ளுக்கும் இடையேயுள்ள கம்பி அறுந்தால் முள் நிறைவைக் காட்டும். தாங்கியின் ஏர்த் இணைப்பிலே துரு ஏறினால், உள்ளதிலும் பார்க்க அதிகம் இருப்பதாகக் காட்டும். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் இந்தப் பொய்யே ஆபத்தானது. உப்புக்காற்று வீசும் பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கத்துச் சாரதிகள் அவ்விணைப்பை அவ்வப்போது அரத்தாளால் தேய்த்து வைப்பது இதற்காகவே. 1960களின் நடுவே வந்த பிற்கால மானிகளில் இது தலைகீழாயிற்று. கம்பி அறுந்தால் அவை வெறுமையைக் காட்டும். என் எண்ணத்தில், மனிதனுக்கு இந்த இரண்டாவது பொய்யே நன்மையானது.

வொக்ஸ்வாகன் நிறுவனத்தாரோ தமது வண்டு வடிவக் காரிலே 1961ஆம் ஆண்டு வரை முள்ளே வைக்கவில்லை. எஞ்சின் திணறும்பொழுது காலடியிலுள்ள சிறு பிடியைத் திருப்பினால் ஒதுக்கி வைத்த பெற்றோல் சிறிது பாயும். அதற்குள் நிரப்புமிடத்தைத் தேடிக்கொள்ளவேண்டும். முள் இல்லாத கார் பொய் சொல்வதுமில்லை.

வன்னி நிலத்தைக் கடந்து செல்லும்போது, 1990களிலே குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தைப் பற்றி அண்ணை கூறிவந்தார். மண்ணெண்ணெயிலே கார் ஓடிய காலம் அது. சிறு போத்தலில் இருக்கும் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மிதவைக்குத் தெரிவது உயரம் மாத்திரமே; தன்னைத் தாங்கி நிற்பது பெற்றோலா மண்ணெண்ணெயா என்பது அதற்கு எவ்வாறு தெரியும்? 1993ஆம் ஆண்டில் ஓர் இரவு, வடமராட்சியிலே பிரசவ வேதனைப்பட்ட ஒரு பெண்ணை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல அண்ணையை அழைத்தனர். முப்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். முள் கால் பங்கு காட்டியது.

“உந்த முள்ளை நம்பி வெளிக்கிட்டிருந்தால், மாஸ்டர், வல்லைவெளியிலே நிண்டிருப்பன்” என்றார். தாங்கியின் மேலே கழற்றிப் பனை ஈர்க்கை விட்டுப் பார்த்தாராம். நுனி மட்டுமே நனைந்தது. அந்த வீட்டாரும் அயலவரும் தங்கள் அரிக்கன் லாம்புகளைக் கவிழ்த்து, இருந்த மண்ணெண்ணெயையெல்லாம் ஒரு வாளியிலே சேர்த்துக் கொடுத்தனர். அன்றிரவு அந்த ஒழுங்கை முழுவதும் இருளிலே கிடந்தது; கார் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது.

பின்னர் 2022ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் அத்துன்பத்தின் ஒரு பங்கைக் கண்டது. நாட்கணக்காக வரிசையிலே கார்கள் நின்றன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் கியூஆர் குறியீட்டின்படி ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றரே கிடைத்தது. முள்ளின் ஒரு நூலளவு அசைவுக்கு எத்தனை லீற்றர் என்பதைப் பலர் அப்பொழுதுதான் முதன்முதலாக ஆராய்ந்தனர்.

கண்டியிலே நான்கு நாள் தங்கினோம். தலதா மாளிகையும் பேராதனைப் பூந்தோட்டமும் பார்த்தோம். மாத்தளையிலுள்ள உறவினர் வீட்டுக்கும் போய்வந்தோம். ஐந்தாம் நாள் பிற்பகலில் நுவரெலியா நோக்கிப் புறப்பட்டோம். கம்பளையிலே பெற்றோல் நிரப்புவது அண்ணையின் திட்டம். ஆனால் அங்கே மின்சாரம் தடைப்பட்டிருந்தமையால் பம்பு இயங்கவில்லை. எப்பொழுது வரும் என்று சொல்வாருமில்லை. முள் வெறுமைக் கோட்டிலிருந்து ஒரு நெல்லளவே விலகி நின்றது. இன்னும் ஏறக்குறைய 60 கிலோமீற்றர், அதுவும் ஏற்றம். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்க, நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. பொழுது சாயமுன் பனிமூட்டம் வந்துவிடும். அண்ணை கொப்பியைப் புரட்டினார், தம்புள்ளையிலிருந்து ஓடிய மைல்களைக் கூட்டினார், “ரெண்டு கலன் கிடக்கு. போகலாம்” என்றார். பின்னாசனத்தில் இருந்த என் மனைவியின் முகத்திலே அந்த நம்பிக்கை இல்லை.

புசல்லாவை நோக்கி ஏறத் தொடங்கியதும் ஓர் அதிசயம் நடந்தது. முள் எழுந்தது! முதலிலே காலுக்கு, பின் அதற்கும் மேலே. பிள்ளைகள் கைகொட்டினர். அண்ணை மாத்திரம் சிரிக்கவில்லை.

“மாஸ்டர், முள் இப்ப பெற்றோலைக் காட்டேல்லை, ஏத்தத்தைக் காட்டுது.”

காரின் முன்புறம் உயர்ந்ததும் தாங்கியிலுள்ள பெற்றோல் பின்புறமாகச் சாய்ந்து ஒதுங்குகின்றது. மிதவை அப்பக்கத்திலே இருந்தால் அது எழும். புசல்லாவைக் கடைத்தெருவின் சமதரைக்கு வந்ததும் முள் மறுபடியும் தொப்பென்று வெறுமையிலே விழுந்தது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு வளைவிலும் அது பித்துப்பிடித்ததுபோல் ஆடிற்று.

பள்ளத்தாக்கிலே கொத்மலை நீர்த்தேக்கம் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. தேயிலைக் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் லயன்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். வளைவுக்கு வளைவு சிறிய அம்மன் கோயில்கள். றம்பொடை நீர்வீழ்ச்சியின் இரைச்சல் கேட்டது. அருவியைப் பனிமூட்டம் மறைத்துவிட்டது. வேறு நாளாயின் இறங்கி நின்று பார்த்திருப்போம். அன்று எவரும் காரை நிறுத்தச் சொல்லவில்லை.

றம்பொடைக்கு மேலே, லபுக்கலைக்குக் கீழே, ஒரு கொண்டையூசி வளைவிலே முன்புறத்திலிருந்து டக்டக்டக்கென்று ஓர் ஒலி விரைவாக எழுந்தது. “அது என்ன சத்தம்?” என்று மகள் கேட்டாள். இக்காரிலே பெற்றோலை எஞ்சினுக்குத் தள்ளுவது ஒரு மின்பம்பு. பெற்றோல் கிடைக்கும்வரை அது ஆறுதலாக ஓரிரு முறை தட்டும். பெற்றோலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சினாலோ ஓயாமல் தட்டும். அண்ணை முள்ளைப் பார்க்கவில்லை. தலையைச் சற்றே சாய்த்துச் செவிகொடுத்துக் கேட்டார். வளைவு திரும்பி வண்டி நிமிர்ந்ததும் ஒலி அடங்கிற்று. அதன்பின் வளைவுகளிலெல்லாம் வெளிவிளிம்போடு வேகத்தைத் தணித்து, பெற்றோல் ஒருபக்கமாகச் சரியாதபடி ஓட்டினார். இன்னும் இருமுறை அந்த ஒலி கேட்டது. காரில் ஒருவரும் பேசவில்லை.

இருட்டியபின் நுவரெலியாவை அடைந்தோம். மறுநாட்காலை நிரப்பியபொழுது 26.5 லீற்றர் ஏறிற்று. மூன்று லீற்றர் மிஞ்சியிருந்தது. கொப்பிக் கணக்குக்கு அரை லீற்றர்தான் வித்தியாசம்.

இக்காலத்துச் சிறு கார்களிலே முள்ளுக்குப் பதிலாகக் கோடுகள் வந்துவிட்டன. மிதவையின் ஆட்டத்தைச் சிறிது நேரம் சராசரி பார்த்த பின்னரே மின்னணுக் கருவி அக்கோடுகளை மாற்றுவதால், வளைவுகளில் அவை கூத்தாடுவதில்லை. குறையும்போது ஒரு விளக்கும் எரியும். எனினும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே மிதவையும் அதே கம்பியுமே. அக்கார்களில் பம்பும் தாங்கிக்குள்ளேயே மூழ்கியிருப்பதால், அதன் ஒலியைக் கேட்டு அறியும் வசதியும் இல்லை. பம்பைக் குளிரச் செய்வதும் அந்தப் பெற்றோலே. வற்றும்வரை ஓட்டுவது அதற்கு ஆகாது.

ஹக்கலைப் பூந்தோட்டத்தையும் சீதா எலிய அம்மன் கோயிலையும் பார்த்துவிட்டு, அடுத்த நாள் கம்பளைக்கு இறங்கினோம். இப்பொழுது கதை மாறிற்று. தாங்கி நிறைவாக இருக்கையிலும், இறக்கத்திலே பெற்றோல் முன்புறம் ஒதுங்கியதால் முள் பாதியை நோக்கிச் சரிந்துகொண்டே வந்தது. லபுக்கலையிலே முக்கால், றம்பொடையிலே அதனினும் கீழ். “அண்ணை, ஓட்டை விழுந்திட்டுதோ?” என்று மகன் பதறினான். இம்முறை அண்ணை சிரித்தார். றம்பொடையிலே காரை நிறுத்தி, அருவியைப் பார்த்துவிட்டு வருமாறு பிள்ளைகளை அனுப்பினார்.

கம்பளையிலே மின்சாரம் இருந்தது. தாங்கியை நிரப்பச் சொன்னார். ஆறரை லீற்றரோடு பம்பு நின்றது. “இவ்வளவுக்குத்தானா நிறுத்தினீங்க ஐயா?” என்று கேட்டான் பெற்றோல் அடித்த பையன். அண்ணை பதில் சொல்லாமல் பென்சிலை நாவிலே நனைத்து, மைலையும் லீற்றரையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.