விளக்குக் கம்பத்தருகே பேலா கூன்

புடாபெஸ்ட் போகிறவர்கள் டான்யூப் கரை, நாடாளுமன்றக் கட்டடம், வெந்நீர்க் குளங்கள் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நகரின் தென்மேற்கு ஓரத்தில், 22ஆவது வட்டாரத்தில் இருக்கும் மெமென்டோ பூங்காவுக்கு அரை நாள் ஒதுக்கச் சொல்லி, போகிற எல்லோரையும் நான் நச்சரிப்பேன். கெலன்ஃபோல்டு ரயில் நிலையத்திலிருந்து பேருந்து இருக்கிறது. 1945 முதல் 1989 வரை நகரத்துச் சதுக்கங்களிலும் சாலை முனைகளிலும் நின்றிருந்த கம்யூனிஸ்ட் காலச் சிலைகளையும் நினைவுச்சின்னங்களையும் அங்கே திறந்த வெளியில் வைத்திருக்கிறார்கள். மொத்தம் 42.

ஆட்சி மாறியதும் இந்தச் சிலைகளை உருக்கிவிடச் சொன்னார்கள் சிலர். இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார்கள் சிலர். மாநகராட்சி இரண்டையும் விட்டு மூன்றாவது வழியை எடுத்தது. ஆகோஷ் எலேயோட் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு தேர்வாகி, 1993இல் பூங்கா திறக்கப்பட்டது. அவர் செய்த வேலையில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. முகப்பில் செங்கல்லால் கோயில் போன்ற உயரமான சுவர்; அதைக் கடந்து உள்ளே போனால் பின்னால் கட்டடமே கிடையாது. ஒரு மாடத்தில் லெனின் நிற்கிறார். இன்னொன்றில் சிற்பி ஷெகெஷ்டி 1971இல் கருங்கல்லில் சதுரம் சதுரமாகச் செதுக்கிய மார்க்ஸும் எங்கெல்ஸும். நடுவே இருக்கும் இரும்புக் கதவில் ஜூலா இய்யேஷ் 1950இல் எழுதிய 'கொடுங்கோன்மை குறித்து ஒரு வாக்கியம்' கவிதை பொறிக்கப்பட்டிருக்கிறது. எழுதியபோது அச்சிட முடியாத கவிதை அது. கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிரான 1956 புரட்சி நாட்களில்தான் வெளிவந்தது. உள்ளே ஒரு நேர்ப்பாதை செங்கல் சுவரில் போய் முட்டி நிற்கிறது. இருபக்கமும் கிளை பிரியும் பாதைகள் வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடுகின்றன. யாரையும் கேலி செய்யாமல், யாரையும் கும்பிடவும் வைக்காமல் ஒரு காலத்தைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கொடியேந்திய கேப்டன் ஓஸ்டாபென்கோவைப் பார்த்தே ஆகவேண்டும். யெனோ கெரேன்யி 1951இல் செய்த சிலை. பாலத்தோன் ஏரிக்குப் போகும் சாலை தொடங்கும் இடத்தில் பல்லாண்டுகள் நின்றது. லிஃப்ட் கேட்டுப் பயணம் போகிற இளைஞர்கள் கூடும் இடம் அது. சிலை 1992இல் அகற்றப்பட்ட பிறகும் அந்த முனையை ஓஸ்டாபென்கோ என்றே ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். 1944 டிசம்பர் 29 அன்று, முற்றுகையிடப்பட்ட நகரைச் சரணடையச் சொல்லிச் சமாதானக் கொடியோடு போன சோவியத் தூதர்களில் ஒருவர் அவர். இன்னொருவர் கேப்டன் ஷ்டெய்ன்மெட்ஸ். இருவரையும் ஜெர்மானியர்கள் சுட்டுக்கொன்றார்கள் என்றே பள்ளிப் பாடம் சொல்லிவந்தது. முற்றுகையைப் பற்றி விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர் கிரிஸ்டியான் உங்வாரி இதை ஏற்கவில்லை. ஷ்டெய்ன்மெட்ஸின் வண்டி கண்ணிவெடியில் சிக்கியது என்றும், ஓஸ்டாபென்கோ திரும்பி வரும் வழியில் குண்டு விழுந்து இறந்தார் என்றும் கொள்வதே பொருத்தம் என்கிறார். எனக்கும் அவர் பக்கமே நியாயம் தெரிகிறது. ஆனால் சிலையில் இந்தச் சண்டை எதுவும் இல்லை. உடல் முன்னால் சாய்ந்திருக்க, கையில் கொடியோடு ஓர் இளைஞன் வருகிறான். போரை நிறுத்தப் போய்ச் செத்த ஒருவனுக்கு அந்தச் சிலை தகும்.

நான் நேரம் மறந்து நிற்கும் இடம் வேறு. இம்ரே வர்கா 1986இல் செய்த பேலா கூன் நினைவுச்சின்னம்.

1919இல் ஹங்கேரியில் 133 நாட்கள் நீடித்த சோவியத் குடியரசின் தலைவர் கூன். ஆட்சி கவிழ்ந்ததும் வியன்னாவுக்குத் தப்பி, பிறகு மாஸ்கோ போய்ச் சேர்ந்தார். 1937இல் ஸ்டாலினின் காவலர்கள் அவரைக் கைது செய்தார்கள்; அடுத்த ஆண்டு சுட்டுக்கொன்றார்கள். அவர் பிறந்த நூறாம் ஆண்டில் அரசு இந்தச் சின்னத்தை வர்காவிடம் கேட்டது. வைத்த இடம் வேர்மெஸோ என்ற திடல். 1795இல், முடியாட்சிக்கு எதிராகச் சதி செய்த மார்டினோவிச்சும் அவருடைய ஜாக்கோபின் தோழர்களும் தலை வெட்டப்பட்ட இடம் அது.

வர்கா கூனை ஒற்றை ஆளாகப் பீடத்தில் ஏற்றவில்லை. ஒரு கூட்டத்தையே செய்தார். குரோம் எஃகு, செம்பு, வெண்கலம் எல்லாம் கலந்த தகட்டு உருவங்கள். முன்னால் துப்பாக்கிமுனைக் கத்திகளை நீட்டிக்கொண்டு பாயும் சிப்பாய்கள். அவர்களுக்குப் பின்னே தொழிலாளிகள். அதற்கும் பின்னே கோட்டும் தொப்பியுமாக நகரத்து மனிதர்கள். இவர்கள் நடையில் அவசரம் குறைவு, வேடிக்கை பார்க்க வந்தவர்களா சேர்ந்துகொள்ள வந்தவர்களா என்று சொல்ல முடியாது. இத்தனை தலைகளுக்கும் மேலே, தனியாக ஓர் உயரத்தில், கூன் கையில் தொப்பியை வீசி அவர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு தெருவிளக்குக் கம்பம்.

முதலில் முன்பக்கம் நில்லுங்கள். கத்தி முனைகள் நெஞ்சுக்கு நேராக வரும். உத்வேகம்தான் தெரியும், அரசு கேட்டதும் அதைத்தான். பிறகு மெல்லப் பக்கவாட்டுக்கு நகருங்கள். உடல்கள் மெலியும், கூட்டத்தின் ஊடே வானம் தெரியும். முழுதாகத் திரண்டு நின்ற படை வெறும் தகடுகளாகிவிடும். பின்பக்கம் போனால் கூனின் முதுகுதான் தெரியும். ஓடுகிற கூட்டத்தில் ஒருவரும் திரும்பி அவரைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். கையசைப்பவர் வழியனுப்புகிறாரா, விடைபெறுகிறாரா? அந்தக் கம்பத்தை ஏன் வைத்தார் வர்கா? தெருமுனைப் பேச்சாளருக்குக் கம்பம் பொருத்தமான துணைதான். ஆனால் தூக்கு மரத்தின் சாயலை அதில் கண்டவர்கள் ஹங்கேரியிலேயே பலர். மாஸ்கோவில் அவருக்கு நேர்ந்த முடிவை அறிந்தவருக்கு அது தோன்றாமல் இருக்காது. கட்சி ஆட்சியில் இருந்தபோதே, கட்சியின் காசில், கட்சியின் நாயகனுக்கு எழுப்பிய சின்னத்தில் இந்தக் கேள்வியைச் சிற்பி வைத்துவிட்டார். டோஹானி தெரு யூத ஆலய முற்றத்தில், இலை ஒவ்வொன்றிலும் இறந்தவர் பெயர் தாங்கும் உலோக வில்லோ மரமும், யூதர்களைக் காத்த வாலன்பெர்கின் நினைவுச்சின்னமும் இதே கைகள் செய்தவை.

இப்படிப்பட்ட ஒன்றைப் பார்க்க வருகிறவருக்குப் பூங்கா தருவது பெயர், சிற்பி, ஆண்டு, முன்பிருந்த இடம், அவ்வளவே. வேர்மெஸோவில் யார் தலை விழுந்தது என்று தெரியாமல், கூன் எப்படிச் செத்தார் என்று தெரியாமல் இந்தச் சின்னத்தைப் படிக்கவே முடியாது. பெரும்பாலோர் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்திருக்கும் பிரம்மாண்டமான மாலுமியிடம் ஓடிவிடுகிறார்கள். அது இஷ்த்வான் கிஷ் 1969இல் செய்த சிலை. 1919இல் ரோபெர்ட் பெரேன்யி வரைந்த, ஆயுதமெடுக்க அழைக்கும் சுவரொட்டியிலிருந்து பிறந்த உருவம். அதன் காலடியில் கைகளை விரித்து அதே மாதிரி நின்று படம் எடுக்க வரிசை நிற்கிறது. பெரேன்யி எவ்வளவு நல்ல ஓவியர் என்று அந்த வரிசையில் நிற்கும் ஒருவருக்காவது யாராவது சொன்னார்களா?

இதைவிட எனக்குக் கோபம் வருவது வாசலுக்கு எதிர்ப்புறம் இருக்கும் ஸ்டாலின் பூட்ஸைப் பார்த்துத்தான். 1951இல் ஒரு தேவாலயத்தை இடித்துவிட்டு, நகரப் பூங்காவின் ஓரத்தில் எட்டு மீட்டர் வெண்கல ஸ்டாலினை நிறுத்தினார்கள். 1956 அக்டோபர் 23 இரவு மக்கள் திரண்டு, வடம் கட்டி இழுத்து, முழங்காலருகே வெட்டிச் சாய்த்தார்கள். பூட்ஸ் மட்டும் மேடையில் நின்றது. சிலையைத் தேசிய நாடக அரங்குவரை இழுத்துப் போய் உடைத்துப் பங்கு போட்டார்கள். ஒரு நடிகர் பதுக்கிவைத்த ஸ்டாலின் கை இன்று தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது நிஜம். சிலை நின்ற இடத்தில் 2006இல் எழுப்பிய துருவேறிய இரும்புத் தூண்கள் ஆப்பு போல ஒன்றுகூடுகின்றன. அதுவும் நேர்மையான நினைவுச்சின்னம். அதே ஆண்டில் இங்கே கட்டியதோ மேடையின் நகலும் அதன்மேல் புதிதாகச் செய்த ஒரு ஜோடி பூட்ஸும். மற்றவை அத்தனையும் நிஜமாகத் தெருவில் நின்றவை, மழை வெயில் பட்டவை, அவற்றின் கீழே மனிதர்கள் நடந்தவை. அவற்றின் நடுவே செய்துவைத்த ஒன்றை உயரத்தில் ஏற்றினால், வருகிறவர் கண்ணில் முதலில் படுவதும் வீட்டுக்குப் போனபின் நினைவில் நிற்பதும் அதுதான். கூனைக் கொன்றவனின் பொய்ப் பூட்ஸைத் தெரிந்துகொண்டு, கூனுக்காக வர்கா செய்ததைத் தெரியாமல் போகிறார்கள். வடிவமைப்பில் இத்தனை நிதானம் காட்டிய இடம் இதற்கு எப்படி இடம் கொடுத்தது என்று எனக்கு விளங்கவில்லை.

சிலை பெயர்ப்பது கம்யூனிஸ்ட் காலத்தோடு முடிந்த கதையும் அல்ல. வர்கா செய்த, ஹங்கேரிய அரசியல் தலைவர் மிஹாய் கரோயியின் சிலை நாடாளுமன்றத்துக்கு அருகே 1975 முதல் நின்றது. 2012இல் அகற்றி ஷியோஃபோக் என்ற ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 1956 புரட்சியின் பிரதமராக இருந்து 1958இல் தூக்கிலிடப்பட்ட இம்ரே நாகியின் சிலை, நாடாளுமன்றத்தை நோக்கிச் சின்னப் பாலத்தில் நின்ற அந்த அழகான சிலை, 2018 டிசம்பரில் பெயர்க்கப்பட்டது. அந்தச் சிலையைச் செய்தவர் வர்காவின் மகன் தமாஷ் வர்கா. தகப்பன், மகன் இருவர் வேலையும் ஆட்சியாளர் விருப்பத்துக்கு ஊர் சுற்றிவிட்டது. நாகியை இப்போது வைத்திருப்பது யாசாய் மரி சதுக்கத்தில். பூங்கா வாசலில் இருக்கும் மார்க்ஸும் எங்கெல்ஸும் ஒரு காலத்தில், கட்சித் தலைமையகத்தின் எதிரே, அதே சதுக்கத்தில்தான் இருந்தார்கள்.

கூன் சின்னத்தின் அருகே ஒரு நல்ல பலகை வைப்பதற்கு அதிகம் செலவாகாது. 1795, 1919, 1938, 1986 என்று நான்கு ஆண்டுகளும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியும் போதும். சுற்றி நடந்து பார்க்கவும் என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.