மீன் இல்லாத தொட்டிக்கு ஃபேன்

அம்பத்தூர் ஓ.டி.யில் இறங்கி அக்கா வீட்டுக்குப் போனபோது காலை பதினொரு மணி. மே மாத வெயில். ஹாலில் டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, மூன்றடிக் கண்ணாடித் தொட்டியின் தண்ணீரைப் பார்த்து. தொட்டியில் ஒரு மீன்கூட இல்லை.

“நாங்க வேர்த்து வழியறோம், தண்ணிக்குக் காத்து வேணுமாம்” என்றாள் அக்கா. “குழம்புக்கு எறால் வாங்கிட்டு வாடான்னா காதுல விழாது. அதுக்குள்ள மட்டும் ஒண்ணைப் போட்டு ஊற வெச்சிருக்கான்.”

பூந்தமல்லியில் வீடு காலி செய்த ஒருவரிடமிருந்து அக்கா மகன் வாங்கிய கடல்மீன் தொட்டி அது. பாறை, மணல், பம்ப் எல்லாவற்றையும் குட்டி யானையில் ஏற்றி வந்தான். வந்ததும் பாறைகளைக் குழாயடியில் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தான். சுத்தம் சோறு போடும் என்று வளர்ந்த பிள்ளை. அவன் அழுக்கென்று நினைத்த அந்த வழவழப்பில்தான் தொட்டியின் உயிரே இருந்தது. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா ஒரு வகை. அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்குவது இன்னொரு வகை. பழைய உப்புத் தண்ணீரிலேயே ஊறவைத்துக் கொண்டுவந்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். குளோரின் தண்ணீரும் பிரஷ்ஷும் வழித்து எடுத்துவிட்டன. இனி முதலிலிருந்து, நாலு முதல் ஆறு வாரம்.

எறால் அதற்குத்தான். அது அழுகி அம்மோனியா வரும், அதைத் தின்று பாக்டீரியா பெருகும். எறாலுக்குப் பதில் மீனையே விட்டுப் பழக்குகிறவர்களும் உண்டு. செவுள் வெந்து சாகிற மீனைப் பார்த்தவர்கள் அதை இரண்டாவது முறை செய்ய மாட்டார்கள்.

“மாமா, உப்பு ஏறிக்கிட்டே போகுது. நான் கூடப் போடவே இல்ல” என்றான்.

உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை அவனிடமிருந்து வாங்கினேன். கைக்கடக்கமான குழல், ஒரு முனையில் சாய்வான கண்ணாடி, அதன்மேல் பிளாஸ்டிக் மூடி. முதலில் ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் கண்ணில் வைத்தேன். மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் சேரும் கோடு பூஜ்யத்தில் நின்றது. கருவி சரி. துடைத்துவிட்டுத் தொட்டித் தண்ணீரை விட்டேன். கோடு 40க்கு ஏறியது. கடலில் இது 35 அளவில் இருக்கும், அதாவது ஒரு கிலோ தண்ணீருக்கு 35 கிராம் உப்பு.

“குறையற தண்ணிக்கு எதை ஊத்தறே?”

பால்கனியிலிருந்த நீல டிரம்மைக் காட்டினான். உப்பு கலந்து வைத்த தண்ணீர்.

அங்கேதான் விஷயம். ஃபேன் இல்லாவிட்டால் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அந்த ஹாலில் தண்ணீர் 32 டிகிரிக்குப் போகிறது. ஃபேன் போட்டால் 28க்கு இறங்குகிறது. 27ஐத் தாண்டாமல் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் சில்லர் வாங்கக் காசில்லை. ஃபேன் குளிரவைப்பதே தண்ணீரை ஆவியாக்கித்தான். நாளுக்கு இரண்டு லிட்டர் போகிறது, அதிலிருந்த உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. அதன்மேல் இவன் உப்புத் தண்ணீரை ஊற்ற, தினம் 70 கிராம் கூடுதல். பத்து நாளில் 700 கிராம். 150 லிட்டரில் அது 35ஐ 40 ஆக்கப் போதும்.

ஆறு லிட்டர் எடுத்துவிட்டு ஆறு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் விடச் சொன்னேன். மூன்று நாள் இப்படி. கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டோம். கோட்டுக்குக் கீழே இறங்கினால் நல்ல தண்ணீர் மட்டும். ஆனால் சமையலறை ஆர்.ஓ.வில் ருசிக்காக மினரல் சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. டி.டி.எஸ். மீட்டர் 90 காட்டியது. போர் தண்ணீரின் 1,100க்கு இது தேவலாம், தொட்டிக்குப் போதாது. அந்த கார்ட்ரிட்ஜுக்கு முன்னாலேயே குழாய் பிரித்து எடுக்க வேண்டும்.

மெரினாவில் டிரம் பிடித்து வந்தால் என்ன என்று கேட்டான். 1909இல் மெரினாவிலேயே கடல்மீன் காட்சிசாலை திறந்தார்கள். அவர்களுக்கு மணலைத் தாண்டினால் கடல். இவனுக்கோ இருபது கிலோமீட்டர். போதாததற்குக் கூவமும் அடையாறும் கலக்கிற கரையோரத் தண்ணீர், ஐப்பசி மழையில் உப்பும் இறங்கிவிடும். பாக்கெட் உப்பே மேல்.

சாயங்காலம் கொளத்தூர் போனோம். தெருவெல்லாம் கடைகள், கப்பி, மோலி, தங்கமீன் என்று பாலிதீன் பைகளில் காற்றடைத்துத் தொங்குகின்றன. கடல்மீன் வைத்திருக்கும் கடை கொஞ்சம்தான். ஒன்றில் நீமோ இருந்தது, ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை. கடலில் பிடித்ததா, பண்ணையில் பொரித்ததா என்று கேட்கச் சொன்னேன். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமே இந்த இனத்தைத் தொட்டியில் பொரிக்கவைத்துக் காட்டியிருக்கிறது. பண்ணைக் குஞ்சு தொட்டிக்குப் பழகினது, சீக்கிரம் தீனி எடுக்கும். பவளத்தைப் பற்றி அவன் வாயெடுக்கும் முன்பே தடுத்துவிட்டேன். நம் கடல் பவளப்பாறைகள் 2001லிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியோடு.

கடைப் பையன் வலையோடு தயாராக நின்றான். “ஜோடியா எடுத்துக்கங்கண்ணா.”

அக்கா மகன் என்னைப் பார்த்தான். காலையில் பார்த்த டெஸ்ட் டியூப் எனக்கு நினைவிருந்தது. அம்மோனியா தீர்ந்து மஞ்சளுக்குத் திரும்பியிருந்தது. நைட்ரைட் டியூப் மட்டும் நாவல்பழச் சாறு மாதிரி ஊதா. இரண்டாவது வகை பாக்டீரியா எப்போதும் தாமதம்தான்.

“அடுத்த மாசம் வரேன் தம்பி” என்று சொல்லிவிட்டு ஒரு மீட்டர் ஆர்.ஓ. டியூப் மட்டும் வாங்கினான்.

வியாழக்கிழமை வாட்ஸப்பில் போட்டோ வந்தது. உப்பு 35. நைட்ரைட், அதே ஊதா. பின்னால் டேபிள் ஃபேனை அக்கா தன் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.