சட்டாம்பிள்ளை சீமைக்குப் போன கதை

சட்டாம்பிள்ளையைப் பற்றி யாரும் நல்லதாக இரண்டு வார்த்தை எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. வாத்தியார் கண் அயர்ந்ததும் பிரம்பைத் தூக்கிக்கொள்ளும் பிரகிருதி என்றுதான் அவனை நமக்குத் தெரியும். ஆனால் பள்ளிக்கூடங்களின் சரித்திரத்தில் அவனுக்குப் பெரிய இடம் உண்டு. அதைத் தேடிக் கொடுத்தவர் ஒரு பாதிரியார்.

ஆண்ட்ரூ பெல் என்பது அவர் பெயர். 1789-இல், எழும்பூரில் சோல்ஜர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஏற்பட்ட விடுதியின் மேற்பார்வை அவரிடம் வந்தது. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதை அவர் பார்த்தார். தம் விடுதியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உதவி உபாத்தியாயர் முடியாது என்றார். பாதிரியார் சளைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீயே சொல்லிக்கொடு என்றார். பையன் சொல்லிக்கொடுத்தான். பெரிய பையன் சின்னப் பையனுக்குக் கற்பிப்பது நம் திண்ணைக்குப் பழைய வழக்கம். சீமைக்கு அது புதுமை!

1797-இல் பெல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். ஒரே உபாத்தியாயரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் ஒரு சங்கம் அமைத்து, 'மதராஸ் முறை'யில் ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தார்கள். 1833-இல் பார்லிமெண்டு முதன்முதலாகப் பள்ளிக்கூடங்களுக்கென்று இருபதாயிரம் பவுன் ஒதுக்கியபோது, சர்க்காருக்குச் சொந்தமாகப் பள்ளிகள் இல்லை. பணத்தை இந்தச் சங்கத்துக்கும் இதன் போட்டிச் சங்கத்துக்கும் கொடுத்தார்கள். ஜனங்கள் தேர்ந்தெடுத்த போர்டுகளின் பள்ளிகள் வந்தது 1870-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகுதான்.

சென்னையில் கதை வேறு விதமாகப் போயிற்று. 1846-இல் கவர்னர் ட்வீடேல், சர்க்கார் பள்ளியில் பைபிளையும் ஒரு பாடமாக வைக்கலாம் என்று யோசனை சொன்னார். கட்டாயம் இல்லை என்றார். ஆனாலும் கஜுல லட்சுமிநரசு செட்டியார் முதலானோர் கூட்டம் போட்டு ஆட்சேபித்தார்கள். லண்டனில் இருந்த கம்பெனி டைரக்டர்களும் சம்மதிக்கவில்லை. 1854-இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை ஒரு ராஜிவழி கண்டது: நல்ல படிப்புச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கு, அதை நடத்துவது யாராயிருந்தாலும் மானியம், அங்கே போதிக்கும் மதத்தைப் பற்றிச் சர்க்கார் கேட்காது.

இரண்டு வருஷங்களில், 1856-இல், வாத்தியார்களுக்கே பாடம் சொல்லச் சென்னையில் ஒரு சர்க்கார் பள்ளி ஏற்பட்டது. அதுவே வளர்ந்து சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆயிற்று. டாக்டர் ராதாகிருஷ்ணனும் ஆசிரியப் பயிற்சி பெற்ற இடம் அது.

அந்தக் கல்லூரியில் படித்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். திண்ணைப் பள்ளியின் பெருமையைக் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன் போலும். அவர் மெதுவாகச் சொன்னார்:

"எங்க பாட்டனை அந்தத் திண்ணையில் ஏறவிடலை, சார். மிஷன் பள்ளிக்கூடத்தில்தான் அவர் பெஞ்சியில் உட்கார்ந்தார்."

"வேதப் பாடமும் உண்டே?"

"உண்டு. அதுதான் சம்பளம்னு வச்சுக்குங்களேன்."

நான் சற்று நேரம் பேசவில்லை. திண்ணையின் மணலைப் பாதிரியார் எடுத்துக்கொண்டு போனார் என்று நாம் பெருமைப்படலாம். அந்த மணலில் விரல் வைக்க யாருக்கு உரிமை இருந்தது என்பதை யோசித்தால் பெருமை பாதியாகிவிடுகிறது. பாதிரிமார் பலருக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். லட்சுமிநரசு செட்டியார் கேட்டதும் நியாயமே.

ஏறவிடாத திண்ணையும் வேண்டாம், வேதப் பாடத்தைச் சம்பளமாகக் கேட்கும் பெஞ்சியும் வேண்டாம் என்று ஒரு தகப்பன் நினைத்தால், அவன் குழந்தையை அழைத்துக்கொண்டு போவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும் அல்லவா? சர்க்கார் பள்ளிக்கூடம் என்று ஒன்று எதற்கு என்பவர்களுக்கு, என் நண்பரின் பாட்டனார் கதையைத்தான் நான் சொல்வது வழக்கம்.