ஓர் ஆசனமும் இரண்டு கொப்பிகளும்

என் தங்கையின் மகன் கண்டியில் ஒரு நிறுவனத்தில் கணினிக் கற்கைநெறி பயில்கிறான். சென்ற வாரம் மடிக்கணினியுடன் வீட்டுக்கு வந்து, "மாமா, நீங்க பத்திரிகைல எத்தனையோ பேர்ட பிழைய கண்டுபிடிச்சிருக்கீங்க. இதுல ஒரு பிழை இருக்கு, எனக்குத் தெரியுதில்ல" என்றான். அவனுக்கு அளிக்கப்பட்ட பயிற்சி, பஸ் வண்டியொன்றின் ஆசனங்களை முற்பதிவு செய்யும் செய்நிரலை எழுதுவதாகும். வகுப்பும் இரு பரிமாண அணியும் அதில் இடம்பெற வேண்டுமாம். வகுப்பு என்றதும் புகையிரதத்தின் முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புகளே என் நினைவுக்கு வந்தன. அதைக் கூறியபோது அவன் சிரித்தான்.

அணி எனக்கு எளிதில் விளங்கியது. நிரையும் நிரலும் கொண்ட கட்டம். ஒவ்வொரு கட்டமும் ஓர் ஆசனம். இடப்புறம் இரண்டு, வலப்புறம் மூன்று என நிரையொன்றுக்கு ஐந்து ஆசனங்கள் கொண்ட, நாமனைவரும் அறிந்த சாதாரண பஸ் அது. கணினி பூச்சியத்திலிருந்தே எண்ணும் என்பதால் 12ஆம் ஆசனத்தைத் தேட ஒன்றைக் கழித்து ஐந்தால் வகுக்க வேண்டும். ஈவு 2, மீதி 1. அதாவது மூன்றாம் நிரையில் இரண்டாம் ஆசனம்.

ஆனால் உண்மையான பஸ் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. பின்வரிசையில் ஆறு பேர் அமர்வர். பத்து நிரைகளில் ஒன்பதில் ஐந்து வீதம் நாற்பத்தைந்து, கடைசியில் ஆறு, ஆக 51. மேற்சொன்ன கணக்கின்படி 51ஆம் ஆசனம் இல்லாத பதினோராம் நிரைக்குப் போய் நிற்கும். அவன் எழுதிய சி பிளஸ் பிளஸ் மொழி இதனைத் தடுப்பதில்லை; அணிக்கு வெளியே, வேறேதோ தகவல் இருக்கும் இடத்தில் பயணியை அமர்த்திவிட்டு மௌனமாக இருந்துவிடக்கூடும். ஜாவா மொழியாயின் அவ்விடத்திலேயே பிழை கூறி நின்றுவிடும். மருமகன் ஆறு நிரல்கள் வைத்து, தேவையற்ற கட்டங்களில் 'ஆசனம் இல்லை' எனக் குறித்து, 51ஐத் தனியாகக் கையாண்டிருந்தான். நல்ல யோசனைதான்.

இன்னொன்றையும் நான் கேட்டேன். எமது பஸ்களில் முன்னாசனம் மதகுருமாருக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். அவர்கள் வராதவரை எவரும் அமரலாம். வந்தால் எழுந்துவிட வேண்டும். அது வெற்றிடமா, நிரம்பியதா? வெறும் இரண்டு எழுத்துகளால் இதனைக் குறிக்க முடியாது. வகுப்பின் பயன் அவ்விடத்திலேயே எனக்குப் புலப்பட்டது. ஆசனம் என்பதை ஒரு வகுப்பாக எழுதினால் அதன் நிலை, உரியவரின் பெயர், ஒதுக்கீடு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். பஸ் மற்றொரு வகுப்பு. ஆசனங்களின் அணி அதற்குள் பூட்டப்பட்டிருக்கும். 'பதிவுசெய்' என்ற ஒரே வாயிலினூடாகவே அதைத் தொடலாம். நோர்வே நாட்டின் டால், நீகார்ட் ஆகியோர் சிமுலா 67 மொழியில் இவ்வெண்ணத்தைக் கொணர்ந்தனர். அதன் செல்வாக்கில் 1979இல் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் தொடங்கிய பணியே பின்னர் சி பிளஸ் பிளஸ் ஆயிற்று.

சரி, பிழைக்கு வருவோம். 12ஆம் ஆசனத்தைப் பதிந்தால் 'பதிவாகியது' என்று திரை கூறும். மீண்டும் அதே ஆசனத்தைக் கேட்டாலும் 'பதிவாகியது' என்றே கூறும். ஒருமுறையல்ல, எத்தனை முறை கேட்டாலும்!

அதைக் கண்டதும் எனக்கு 1984ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. ஹஜ் பயணிகளை வழியனுப்ப மடவளையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஒரு பஸ் வாடகைக்கு அமர்த்தினோம். ஆசனப் பொறுப்பு என்னுடையது. ஒரு கொப்பியில் கட்டம் வரைந்து வைத்திருந்தேன். வேலை நிமித்தம் நான் கொழும்பில் தங்க வேண்டியிருந்ததால், கடைவைத்திருந்த நண்பரிடம் அதே கட்டத்தை இன்னொரு கொப்பியில் பிரதி செய்து கொடுத்தேன். அவர் தன் கொப்பியில் எழுதினார். நான் என் கொப்பியில் எழுதினேன். புறப்படும் இரவு 12ஆம் ஆசனத்துக்கு இருவர் வந்து நின்றனர். ஒருவர் கைக்குழந்தையுடன் வந்த பெண். மற்றவர் தம் மூத்த சகோதரரை வழியனுப்ப வந்த முதியவர். நண்பர் தந்த துண்டைக் காட்டினார். நான் என் கொப்பியைக் காட்டினேன். அவர் எதுவும் பேசாமல் இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டார். நான் எழுந்து என் ஆசனத்தைக் கொடுத்திருக்கலாம். அன்று அது எனக்குத் தோன்றவில்லை. பஸ் கடுகண்ணாவையைத் தாண்டிய பின்னர்தான் தோன்றியது.

அதன் பிறகு வீதியில் என் ஸலாத்துக்கு அவர் பதில் சொல்வார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"பஸ்ஸ இந்த சார்புக்கு அனுப்புறியே, அசலயா அனுப்புற, பிரதியயா?" என்று மருமகனிடம் கேட்டேன். அவன் சிறிது நேரம் திரையைப் பார்த்தான். அம்மொழியில் ஒரு பொருளை அப்படியே சார்புக்கு அனுப்பினால், அதனுள் இருக்கும் அணி முழுவதும் பிரதியாகிவிடுமாம். பதிவு பிரதியில் நிகழும். வேலை முடிந்ததும் பிரதி அழிந்துவிடும். அசலில் ஆசனம் வெறுமையாகவே கிடக்கும். அவன் ஒரேயொரு ஆம்பர்சாண்ட் குறியைச் சேர்த்தான். இனி அனுப்பப்படுவது அசலுக்கான சுட்டு மட்டுமே.

ஐபிஎம் நிறுவனமும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 1960களில் சேபர் என்ற முற்பதிவு முறையை உருவாக்கியதும் ஏறத்தாழ இதே தலைவலிக்காகத்தான். அதற்கு முன்னர் அட்டைகளில் எழுதிவந்தார்கள். நகரத்துக்கு நகரம் முகவர்கள் ஒரே அசலைப் பார்க்கவேண்டியிருந்தது. அவர்களுக்குப் பெரிய கணினிகள் தேவைப்பட்டன; எனக்கு ஒரு கொப்பி குறைவாக இருந்திருந்தால் போதும்.

மருமகன் சோதித்துப் பார்க்க ஒரு பெயர் கேட்டான். அந்த முதியவரின் பெயரைச் சொன்னேன். அவர் காலமாகிப் பல வருடங்களாகிவிட்டன என்பதை அவன் அறியான். 12ஆம் ஆசனத்தில் பதிந்தான். பின்னர் என் பெயரைத் தட்டி அதே ஆசனத்தைக் கேட்டான்.

'இவ்வாசனம் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டுள்ளது' என்றது திரை.