மாற்றாமல் வைத்திருந்தவர்

இல்லம் என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று என்று திருமண மறையுரைகளில் நாம் பலமுறை சொன்னதுண்டு. அச்சொல்லின் பொருளை நமக்கு உணர்த்தியதோ, இலண்டன் மாநகரில், கென்சிங்டன் பகுதியில், ஸ்டாஃபோர்டு டெரஸ் தெருவிலுள்ள 18ஆம் எண் வீடு. சில ஆண்டுகளுக்கு முன் அந்நகரில் தங்க நேர்ந்தபோது அதனைக் கண்டோம்.

அது மாளிகையன்று, வரிசை வீடுகளுள் ஒன்று. 'பஞ்ச்' இதழின் கேலிச்சித்திர ஓவியர் லின்லி சேம்போர்ன், மனைவி மேரியனுடன் 1875இல் அங்கே குடியேறினார். சுவரெங்கும் இடைவெளியின்றிப் படங்கள்; நிலையடுக்குகளில் பீங்கான் குடுவைகள்; ஓவியரே வரைந்தமைத்த வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். எனினும், செல்வம் கொழித்த குடும்பமன்று அது. வரவேற்பறையில் விலையுயர்ந்த புதிய சுவர்த்தாளை ஒட்டியபோது, படங்கள் மறைக்கும் இடங்களில் பழைய தாளையே விட்டுவைத்தார் அவர். அச்சிக்கனம் கண்டு புன்னகைத்தோம்.

ஓவியர் 1910இலும் மேரியன் 1914இலும் மறைந்தனர். மணம் புரியாத மகன் ராய், 1946இல் தாம் இறக்கும்வரை வீட்டைப் பெரிதும் பெற்றோர் விட்டுச்சென்றவாறே வைத்திருந்தார். பெருஞ்செயல் ஒன்றும் அவர் புரிந்திலர், மாற்றாதிருந்தார், அவ்வளவே. அந்நாளில் விக்டோரியா காலக் கலையென்றாலே கற்றோரும் நகைத்தனர். ஆயினும் ஓவியரின் பேத்தியான ராஸ் சீமாட்டி ஆன் அதன் அருமை அறிந்தார். அக்காலக் கட்டடங்களைக் காக்கும் விக்டோரியச் சங்கம் 1958இல் இவ்வீட்டிலேயே பிறந்தது. யூஸ்டன் தொடர்வண்டி நிலையத்தின் பெருவளைவு இடிக்கப்பட்டதை அச்சங்கத்தால் தடுக்க இயலவில்லை. ஆனால், செயின்ட் பாங்க்ரஸ் நிலையம் 1967இல் காப்புப் பட்டியலில் இடம்பெற்றதில் அதற்குப் பெரும்பங்குண்டு. 1980இல் வீடு அரசுடைமையாகி, மக்கள் காணத் திறக்கப்பட்டது.

மேரியன் பல்லாண்டுகள் நாட்குறிப்பு எழுதியவர். பணியாளர் தொல்லை, விருந்துச் செலவு, பிள்ளைகளின் காய்ச்சல் என அன்றாடச் செய்திகளே அதில் மிகுதி. அவற்றைக்கொண்டு 1988இல் ஒரு நூலே வெளிவந்தது. அதனை அறிந்தபோது நம் நெஞ்சில் முள் தைத்தது.

நம் அன்னையாரும் அரிசி, எண்ணெய், மருந்து, பள்ளிக் கட்டணம் என நாள்தோறும் கணக்கெழுதியவர். அவர் மறைந்தபின் உடன்பிறந்தோருடன் கூடி இரண்டே நாளில் வீட்டைக் காலி செய்தோம். அக்குறிப்பேடுகள் பழைய தாள்காரரின் தராசில் ஏறின. பங்கில் வேலை காத்திருக்கிறது என்று விரைந்தவர்கள் நாமே. என்ன விலை கிடைத்தது என்பதுகூட நினைவில்லை.

எல்லா வீட்டையும் காட்சியகமாக்க இயலாது, ஆக்கவும் வேண்டா. ஆனால், ஒரு வீட்டைக் காலி செய்யுமுன் சற்றே அமர்ந்து பார்த்தல் இயலும். அன்பரே, உம் இல்லத்துப் பரணில் அத்தகைய ஏடு ஒன்று கிடக்குமாயின், இன்றே இறக்கிப் படியுங்கள். எழுதியவர் உயிருடன் இருப்பாராயின், அவர் அருகில் அமர்ந்து படியுங்கள்.